போத்தலுக்குள் ஒரு மூலிகைத் தோட்டம்

மகாவலி கங்கை மூன்று புறமும் வளைந்து தழுவ நிற்கும் பேராதனைப் பூங்காவுக்குச் செல்வோர், 1821ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற அச்சோலையின் பனை வீதியிலும் ஓர்க்கிட் இல்லத்திலுமே பொழுது போக்கி மீள்வர். இழைய வளர்ப்பு ஆய்வுகூடமும் அங்குண்டு என்பதை அறிந்தோர் சிலரே.

நீரிழிவுக்கு மருந்தென நம் நாட்டு வைத்தியர் கொள்ளும் கோத்தலஹிம்புட்டுக் கொடியை எண்ணிப் பாருங்கள். அதன் மரத்தைக் கடைந்த கிண்ணத்தில் இரவு முழுதும் நீரூற்றி வைத்துக் காலையில் அருந்துவர். வேரையும் தண்டையும் வெட்ட வெட்டக் கொடி அழிகின்றது. வளர்வதோ மிக மெதுவாக. இத்தகைய மூலிகைகளுக்கே இழைய வளர்ப்புக் கைகொடுக்கின்றது.

கணு ஒன்றை நறுக்கிக் கிருமி நீக்கி, சர்க்கரையும் உப்புக்களும் கடற்பாசிக் கூழும் கலந்த ஊடகத்தில் நாட்டுவர். முராஷிகே, ஸ்கூக் என்னும் இருவர் 1962இல் புகையிலை இழையத்துக்கென வகுத்த ஊடகமே இன்றும் பெரிதும் வழங்குகின்றது. புகையிலையாலும் ஒரு புண்ணியம்! சைற்றோகைனின் மிகுந்தால் தளிர் பல கிளைக்கும்; ஒட்சின் மிகுந்தால் வேர் விடும். பூஞ்சண வித்தி ஒன்று புகுந்தாலும் போத்தல் பாழ். ஈரம் நிறைந்த போத்தலில் வளர்ந்த கன்றை வெளிக்காற்றுக்குப் படிப்படியாகப் பழக்காவிடின் வாடிவிடும்.

ஒரே தாய்ச்செடியின் கன்றுகள் ஏறக்குறைய ஒரே குணத்தன. மருந்துக்கு அது நன்று. நோய் வந்தாலோ எல்லாம் ஒருங்கே மடியும். ஆதலால் பல காடுகளிலிருந்து தாய்ச்செடிகளைத் தேர்தல் வேண்டும். அதுவரை அவை காட்டில் எஞ்சியிருக்க வேண்டுமே!