‘மூணு வேளைப் பால் எங்கே போச்சு?’ - ஒரு புரோகிராமரும், அம்மிச்சி குத்தி வைத்த சீட்டுகளும்!

ஞாயிற்றுக்கிழமை இரவு. கோவையில், வாடகை அறையில் மறுநாளைக்கான துணியை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது அம்மாவிடமிருந்து அவளுக்குப் போன் வந்தது.

“ஏன் கண்ணு, நம்மூர் பால் சென்டர்ல இருக்கற மிசினு உங்க கம்பெனி போட்டதுதானே? அம்மிச்சிக்கு இந்தப் பட்டுவாடாவுல மூணு வேளைப் பால் கணக்குலயே வரலையாமா. 450 ரூவாய்க்கு மேல குறையுது.”

“பால் அளக்கற அண்ணன்கிட்ட கேட்டீங்களாம்மா?”

“கேட்டாச்சு. மிசினு சொல்றதுதான் கணக்குங்கறாரு. ஊருக்குள்ள வேற மாதிரி பேசிக்கறாங்க. பக்கத்துத் தோட்டத்துக்காரருக்கு மட்டும் ஒரு வேளை கூடத் தப்பல. அவரு இவருக்கு மச்சான் முறையாச்சே!”

போனை வைத்த பிறகு அவளுக்குத் தூக்கம் வரவில்லை. காரணம், அந்த மெஷின் அனுப்பும் கணக்கை சர்வரில் வாங்கிப் பதிவு செய்யும் புரோகிராமை எழுதியதே அவள்தான்.

கோபிசெட்டிபாளையம் பக்கம் சின்ன ஊர் அவளுடையது. வயது 26. கோவையில் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் இரண்டு வருடமாக வேலை. பால் சென்டரில் கேனை எடை மெஷினில் வைத்ததும் லிட்டர் தெரியும். சாம்பிளைச் சோதித்தால் கொழுப்பும் எஸ்.என்.எஃப்-பும் தெரியும். இரண்டையும் ஒரு சின்னப் பெட்டி சேர்த்துக்கொண்டு, கையில் ஒரு சீட்டு அடித்துக் கொடுக்கும். அதே கணக்கை, உள்ளே இருக்கும் சிம் கார்டு வழியாக சர்வருக்கும் அனுப்பும். பத்து நாளைக்கு ஒருமுறை சர்வரில் இருக்கும் கணக்குப்படி பணம். ஒன்பது ஊர்களில் இந்தப் பெட்டி வைக்கப்பட்டிருந்தது. ஆபீஸில் வைத்துச் சோதித்தபோது ஒரு சீட்டு கூடத் தவறியதில்லை.

கம்பியில் தொங்கிய சாட்சி

மறுநாள் காலையிலேயே அம்மாவை அம்மிச்சி வீட்டுக்கு அனுப்பினாள். படிக்கத் தெரியாத அம்மிச்சியிடம் ஒரு பழக்கம் உண்டு. கையில் எந்தச் சீட்டு வந்தாலும், அடுப்படி ஓரத்தில் தொங்கும் வளைந்த கம்பியில் குத்தி வைத்துவிடுவார். கரன்ட் பில், ரேஷன் சீட்டு, பால் சீட்டு எல்லாம் அதில் இருக்கும். மை மங்கத் தொடங்கியிருந்த பால் சீட்டுகளை அம்மா ஒவ்வொன்றாகப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார்.

சீட்டையும் சர்வர் கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். காணாமல்போன மூன்றிலும் ஓர் ஒற்றுமை இருந்தது. மூன்று நாளும் அந்த ஊரில் டவர் கொஞ்ச நேரம் போயிருக்கிறது. டவர் இல்லாதபோது பெட்டி கணக்குகளைச் சேர்த்து வைத்துக்கொண்டு, டவர் வந்ததும் மொத்தமாக அனுப்பியிருக்கிறது. அப்படி அனுப்பிய கூட்டத்தில் முதல் ஆளின் கணக்கு மட்டும் சர்வரில் ஏறியிருக்கிறது. பின்னால் நின்றவர்களுடையது இல்லை. வரிசையில் பக்கத்துத் தோட்டத்துக்காரர் எப்போதும் முன்னால் நிற்பார். அம்மிச்சி அவருக்குப் பின்னால். மூன்று முறையும் அவரிடமிருந்துதான் அந்தக் கூட்டம் தொடங்கியிருந்தது. மச்சான் முறைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

“பைப்புல பால் ஊத்துனா என்ன ஆகும்?”

ஆபீஸில் மூத்தவர் ஒருவர் இருக்கிறார். எல்லோருக்கும் ‘அண்ணா’தான். அவரிடம் போய் நின்றாள்.

“அண்ணா, டி.சி.பி-லதாங்க அனுப்பறோம். அது நம்பகமானதுதானுங்களே? அனுப்புனது எப்படிங்க காணாமப்போகும்?”

அவர் பதில் சொல்லாமல் சர்வரில் பத்து வரியில் ஒரு குட்டி புரோகிராம் எழுதி ஓட்டினார். விண்டோஸில் வலைத்தொடர்புக்கு ‘வின்சாக்’ என்று ஒரு பகுதி உண்டு. “உன்னிடம் என்னென்ன போக்குவரத்து நெறிமுறைகள் இருக்கின்றன, ஒவ்வொன்றின் குணம் என்ன?” என்று அதனிடமே கேட்கலாம். அந்தக் கட்டளையின் பெயர் டபிள்யூ.எஸ்.ஏ. எனம் புரோட்டோகால்ஸ். திரையில் பதில் வந்தது.

டி.சி.பி: கொண்டுசேர்ப்பது உறுதி - ஆம். வரிசை மாறாது - ஆம். செய்தியின் எல்லை காப்பாற்றப்படும் - இல்லை. ஒரு செய்தியின் அதிகபட்ச அளவு - 0.

யு.டி.பி: கொண்டுசேர்ப்பது உறுதி - இல்லை. வரிசை மாறாது - இல்லை. செய்தியின் எல்லை காப்பாற்றப்படும் - ஆம்.

“அந்த 0-வப் பாத்தியா? அளவே இல்லைன்னு அர்த்தமில்ல. செய்திங்கற பேச்சே இங்க கிடையாதுன்னு அர்த்தம்” என்றவர், அவளுக்குப் புரிகிற பாஷையில் சொன்னார். “அஞ்சு பேர் பாலை ஒரு பைப்புல ஊத்தறேன்னு வெச்சுக்க. அந்தப் பக்கம் ஒரு சொட்டு குறையாம, ஊத்துன வரிசையிலயே வந்து சேரும். ஆனா யாரு பால் எங்க முடியுது, அடுத்தவரது எங்க ஆரம்பிக்குதுன்னு பைப்புக்குத் தெரியாது. அதுதான் டி.சி.பி. யு.டி.பி-ங்கறது பாக்கெட் பால். ஒவ்வொரு பாக்கெட்டும் தனித்தனியா வரும். வழியில ஒண்ணு ரெண்டு விழுந்தா வண்டிக்காரன் திரும்பி வந்து எடுக்க மாட்டான். நீ பைப்ப வாங்கிட்டு, பாக்கெட்டா வரும்னு எதிர்பாத்திருக்கே.”

அவள் எழுதிய புரோகிராம், ஒருமுறை படித்தால் ஒரு கணக்கு வரும் என்று நம்பியிருந்தது. ஆபீஸில் ஒரே பெட்டி, ஒவ்வொன்றாக, இடைவெளி விட்டு அனுப்பியதால் அப்படித்தான் வந்தது. டவர் போய் வந்த நாளில் நான்கு கணக்குகள் ஒட்டிக்கொண்டு வந்தன. அவளுடைய புரோகிராம் முதலாவதைப் பிரித்து எடுத்துக்கொண்டு, மீதியைக் குப்பை என்று தள்ளிவிட்டது. டி.சி.பி. தன் வேலையைச் சரியாகவே செய்திருந்தது. பால் வந்து சேர்ந்துவிட்டது. வாசலில் வாங்கியவள்தான் கொட்டிவிட்டாள்.

எதற்கு இரண்டு வழி?

“எல்லாக் குணமும் ஒரே இடத்தில் இருந்தால் என்ன?” என்று நமக்குத் தோன்றலாம். ஆரம்பத்தில் அப்படி ஒரே வழிதான் இருந்தது. 1974-ல் விண்ட் செர்ஃப், பாப் கான் இருவரும் வெளியிட்ட கட்டுரையிலிருந்து டி.சி.பி. பிறந்தது. ஆனால், குரலை நேரடியாக அனுப்பிப் பார்த்தவர்களுக்கு அது சரிப்படவில்லை. பேச்சில் ஒரு துண்டு தொலைந்தால் காது சமாளித்துக்கொள்ளும். தொலைந்ததைத் திரும்ப வரவழைக்கக் காத்திருந்தால் பேச்சே நின்றுபோகும். அதனால் 1978-ல் முகவரி பார்த்து அனுப்பும் வேலை ஐ.பி. என்று தனியாகப் பிரிக்கப்பட்டது. 1980 ஆகஸ்ட்டில் ஜான் போஸ்டல் யு.டி.பி-க்கான விதிகளை எழுதினார். மொத்தமே மூன்று பக்கம்தான்.

இன்றும் உங்கள் போனில் இரண்டும் ஓடுகின்றன. வீடியோ காலில் முகம் ஒரு நொடி கட்டம் கட்டமாக உடைந்து சரியாகிறதே, அது பெரும்பாலும் யு.டி.பி. வழி. ஃபைல் டவுன்லோடு பாதியில் நின்று, மீண்டும் ஓடி, ஓர் எழுத்துகூடப் பிசகாமல் முடிகிறதே, அது பெரும்பாலும் டி.சி.பி. வழி. 2021-ல் தரப்படுத்தப்பட்ட ‘க்விக்’ என்ற புதிய நெறிமுறை யு.டி.பி. மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, தொலைந்ததைத் திரும்ப அனுப்பும் பொறுப்பைத் தானே பார்த்துக்கொள்கிறது. எது உயர்ந்தது என்பது கேள்வியில்லை. வாங்குவதற்கு முன் அதன் குணத்தைக் கேட்டோமா என்பதுதான் கேள்வி.

இரண்டு பைட்டும் ஒரு ‘சரி’யும்

திருத்தம் பெரிதில்லை. ஒவ்வொரு கணக்குக்கும் முன்னால், ‘இதன் நீளம் இவ்வளவு’ என்று இரண்டு பைட்டில் சொல்லிவிட வேண்டும். சர்வர் முதலில் நீளத்தைப் படிக்கும். அத்தனையும் வந்து சேரும்வரை படித்துக்கொண்டே இருக்கும். பிறகு அடுத்ததற்குப் போகும்.

அண்ணா இன்னொன்றையும் சேர்க்கச் சொன்னார். டி.சி.பி. தரும் ஒப்புகை, எதிர்முனைக் கணினியின் வாசல்வரை வந்ததற்கு மட்டும்தான். கணக்குப் புத்தகத்தில் ஏறியதா என்று அதற்குத் தெரியாது. 1984-ல் சால்ட்சர், ரீட், கிளார்க் என்ற மூவர் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை இதைத்தான் பேசுகிறது: நடுவில் இருக்கும் வழி எவ்வளவு நம்பகமானதாக இருந்தாலும், வேலை முடிந்ததா என்பதை இரண்டு முனைகளும்தான் சரிபார்க்க வேண்டும். எனவே, கணக்கு டேட்டாபேஸில் ஏறிய பிறகு சர்வர் ‘சரி’ என்று சொல்லும். அந்தச் ‘சரி’ வராதவரை பெட்டி கணக்கை அழிக்காது; திரும்ப அனுப்பும். ஒரே பால் இரண்டு முறை ஏறிவிடாமலிருக்க ஒவ்வொரு கணக்குக்கும் ஒரு வரிசை எண்.

இரண்டு நாளில் முடிந்துவிட்டது. நல்லவேளையாக, பழைய கணக்குகள் பெட்டிகளின் மெமரி கார்டில் இருந்தன. ஒன்பது ஊர்களிலும் விடுபட்டதை எடுத்து, அடுத்த பட்டுவாடாவில் சேர்க்க நிறுவனம் சம்மதித்தது. “கணக்கு சரியாயிடும். இத வெளிய சொல்லிக்கிட்டிருக்க வேணாம்” என்றார்கள். மற்ற எட்டு ஊர்களைப் பற்றி அவளால் ஒன்றும் செய்ய முடியவில்லை. தன் ஊரில் மட்டும் அப்படி விட அவளுக்கு மனம் வரவில்லை. பணம் வந்துவிடும், அந்த அண்ணனின் மேல் விழுந்த சொல்?

அந்த ஞாயிற்றுக்கிழமை விடிகாலை ஆறரைக்குக் கேன்களோடு வரிசை நின்றிருந்தபோது, அம்மிச்சியோடு அவளும் பால் சென்டருக்குப் போனாள். எல்லோர் முன்னாலும் சொன்னாள்.

“மிசினு கணக்குல விட்டது என்னோட தப்புங்க. டவர் போயிட்டு வந்தா பின்னால நிக்கறவங்க கணக்கு விழுந்திருக்கு. இந்த அண்ணன் ஒண்ணும் பண்ணல. விட்ட காசு அடுத்த பட்டுவாடாவுல வந்துரும்.”

யாரும் உடனே பேசவில்லை. பக்கத்துத் தோட்டத்துக்காரர்தான் முதலில் செருமினார். பால் அளக்கும் அண்ணன் சாம்பிள் பாட்டிலைக் கழுவிக்கொண்டே சொன்னார்: “பத்து நாளா ஒருத்தரும் மூஞ்சி குடுத்துப் பேசல கண்ணு. வேலைய உட்றலாம்னு இருந்தேன்.” அதற்கு மேல் அவர் எதுவும் சொல்லவில்லை. அவளுக்கும் பதில் வரவில்லை.

அம்மிச்சியின் முறை வந்தது. ஐந்து லிட்டர். பெட்டி சீட்டைத் துப்பியது. அதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார் அம்மிச்சி.

“இனி அது வேண்டாம் அம்மிச்சி. கணக்கு ஏறுனா மிசினே சொல்லிரும்.”

“உன்ற மிசினு சொல்றதச் சொல்லட்டும் சாமி. என்ற கம்பி பாட்டுக்கு அதும் இருக்கட்டும்.”

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அடுப்படிக்குப் போய் அந்தச் சீட்டைக் கம்பியில் குத்தினார். அவள் அதைப் போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டாள்.