வாசல் காத்த சகோதரர்

கனடா தேசத்து மாண்ட்ரீல் நகரின் நடுவே மவுண்ட் ராயல் என்றொரு மலை உண்டு. அதன் சரிவில் பச்சை நிறச் செப்புக் கவிகையுடன் கம்பீரமாக நிற்கிறது புனித சூசையப்பர் ஆலயம். கனடாவிலேயே மிகப் பெரிய தேவாலயம் இதுதான்.

அடிவாரத்திலிருந்து ஏற 283 படிகள். நம் பழனி மலைக்குப் போய் வந்தவர்கள், "பூ, இவ்வளவுதானா?" என்பார்கள். ஆனால் நடுவரிசையைப் பாருங்கள்! அங்கே 99 மரப்படிகள். முழந்தாளிட்டு ஏறுகிறவர்களுக்கென்றே ஒதுக்கியவை. படிக்கு ஒரு ஜபம் சொல்லி, மெல்ல மெல்ல ஏறுகிறார்கள். வேளாங்கண்ணியில் மணலிலே முழங்காலால் நடந்து போகும் பக்தர்களைப் பார்த்தவர்களுக்கு இது விசித்திரமாக இராது. வேண்டுதலுக்குப் பாஷையும் தேசமும் ஏது?

உள்ளே, ஆயிரக்கணக்கான விளக்குகள் எரியும் ஒரு மண்டபம். அங்கே தூண்களுக்கிடையே வரிசை வரிசையாக ஊன்றுகோல்கள் தொங்குகின்றன. குணமடைந்தவர்கள் விட்டுச் சென்ற காணிக்கை! அதற்கு அடுத்தாற்போல் ஒரு எளிய கறுப்புக் கல்லறை. இத்தனைக்கும் காரணமானவர் அதில்தான் உறங்குகிறார். அவர் பிஷப் அல்ல, பாதிரியார்கூட அல்ல. ஒரு பள்ளிக்கூடத்தின் வாசல்காப்போன். பெயர் சகோதரர் ஆந்த்ரே.

கத்தோலிக்கத் துறவிகளில் குருவானவர் வேறு, சகோதரர் வேறு. சகோதரர் பூசை வைக்கமாட்டார்; பாவசங்கீர்த்தனம் கேட்கமாட்டார். பாடம் சொல்லித் தருவார், நோயாளியைக் கவனிப்பார், சமைப்பார், தச்சுவேலை செய்வார். ஏழ்மை, கற்பு, கீழ்ப்படிதல் என்ற மூன்று வார்த்தைப்பாடுகள் மட்டும் குருத்துவத் துறவிக்கும் இவருக்கும் ஒன்றே. நினைத்த மாத்திரத்தில் சகோதரராகிவிட முடியாது. முதலில் சில காலம் மடத்தில் தங்கிப் பழக வேண்டும். பிறகு நவசந்நியாசம். இன்றைய திருச்சபைச் சட்டப்படி அது ஓராண்டுக்குக் குறையக்கூடாது. அடுத்து, குறைந்தது மூன்று ஆண்டுகளுக்குத் தற்காலிக வார்த்தைப்பாடு. அதற்கும் பிறகுதான் ஆயுள் முழுமைக்குமான வார்த்தைப்பாடு. ஒவ்வொரு கட்டத்திலும், "இது எனக்கு வேண்டாம்" என்று அவர் போகலாம். "நீ வேண்டாம்" என்று சபையும் அனுப்பலாம்.

ஆந்த்ரேக்கு நேர இருந்தது இந்த இரண்டாவது கதிதான்.

1845-ல் கியூபெக் மாகாணத்துக் கிராமம் ஒன்றில் பிறந்த அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஆல்ஃப்ரெட். மரம் சாய்ந்து தகப்பனார் மாண்டார். பன்னிரண்டு வயதில் காசநோய் தாயாரையும் கொண்டு போயிற்று. உறவினர் வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு வயிறு சதா தகராறு. படிப்போ, தன் பெயரை எழுதத் தடுமாறும் அளவுதான். செருப்புத் தைத்தார், ரொட்டி சுட்டார், அமெரிக்காவுக்குப் போய் ஆலைகளில் உழைத்தார். எங்கும் உடம்பு ஒத்துழைக்கவில்லை.

1870-ல் திருச்சிலுவைச் சபையில் சேர்ந்தார். நவசந்நியாசம் முடிகிற சமயம், "இந்த நோஞ்சானை வைத்துக்கொண்டு என்ன செய்வது?" என்று பெரியவர்கள் தயங்கினார்கள். அநாதைப் பிள்ளை, வெளியே போனால் ஏந்திக்கொள்ள அம்மா மடியா இருக்கிறது? அச்சமயம் மடத்துக்கு வந்த பிஷப் பூர்ஷேயிடம், மிகத் தாழ்ந்த வேலை கொடுத்தாலும் போதும் என்று மன்றாடினார். அந்தப் பரிந்துரை பலித்தது. 1874 பிப்ரவரி 2-ந் தேதி நிரந்தர வார்த்தைப்பாடு கொடுத்தார்.

கிடைத்த உத்தியோகம், மலைக்கு எதிரேயிருந்த நோத்ர்தாம் கல்லூரியின் வாசல். கதவு திறப்பது, தரை மெழுகுவது, விளக்குத் துடைப்பது, கடிதம் கொண்டு போவது, பையன்களுக்கு முடி வெட்டுவது. சேர்ந்தவுடன் தமக்கு வாசலைக் காட்டினார்கள் என்றும், தாம் அங்கேயே நாற்பது வருஷம் இருந்துவிட்டதாகவும் பிற்காலத்தில் வேடிக்கையாகச் சொல்வாராம்!

கதவைத் தட்டிய நோயாளிகளிடம் பரிவாகப் பேசினார். சூசையப்பர் சிலைக்கு முன் எரியும் விளக்கின் எண்ணெயைக் கொடுத்து, பிரார்த்திக்கச் சொன்னார். குணமானதாகச் சொன்னவர்கள் பெருகினார்கள், கூட்டமும் பெருகியது. பள்ளிக்கூடத்தில் இது என்ன கூத்து என்று சிலர் ஆத்திரப்பட்டனர். போலி வைத்தியர் என்றும் ஏசினர். எதிரேயிருந்த டிராம் நிறுத்தத்தில் நோயாளிகளைப் பார்க்கும்படி ஆயிற்று. "நீங்கள்தான் குணப்படுத்தினீர்கள்" என்று யாராவது சொன்னால் அவருக்குக் கோபம் வந்துவிடும். எல்லாம் சூசையப்பர் செயல் என்பார்.

அந்தச் சூசையப்பருக்கு மலைமேல் ஒரு கோயில் வேண்டுமென்று ஆசைப்பட்டார். முடி வெட்டக் கிடைத்த ஐந்து ஐந்து சென்டுகளும் பக்தர்கள் தந்த சில்லறையும் சேர்ந்து, 1904-ல் ஒரு சின்ன மரக்கோயில் எழும்பியது. பெரிய ஆலயத்துக்கு 1924-ல் வேலை தொடங்கியது. அது முடியும் முன்பே, 1937 ஜனவரி 6-ந் தேதி, 91-வது வயதில் அவர் காலமானார். கொட்டும் குளிரில் சுமார் பத்து லட்சம் பேர் அஞ்சலி செலுத்த வந்தார்கள் என்கிறார்கள். 2010 அக்டோபர் 17-ந் தேதி ரோமாபுரியில் அவரைப் புனிதர் என்று அறிவித்தார் போப்பாண்டவர் பதினாறாம் பெனடிக்ட். அந்தச் சபையில் முதன்முதலாகப் புனிதரானவர், குருமார்களில் ஒருவரல்ல, வாசல்காப்போன்தான்.

மாண்ட்ரீல் போகிறவர்கள் பெரிய ஆலயத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிட வேண்டாம். பக்கத்திலேயே அந்தச் சின்ன மரக்கோயிலும், அதன் மாடியில் அவர் வசித்த அறையும் இருக்கின்றன. மாடிப்படியேறி அதையும் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு வாருங்கள்.