வெள்ளி நீர்

அமெரிக்காவில் மகனோடு இருக்கும் பெரியவர் ஒருவர், என் பழைய சிநேகிதர், எழுதியிருந்தார்: வீட்டிலேயே வெள்ளி நீர் தயாரிக்கிறாராம். 9 வோல்ட் பாட்டரி மூன்றைத் தொடுத்து, இரண்டு வெள்ளிக் கம்பிகளைக் காய்ச்சி வடித்த நீரில் தொங்கவிட வேண்டியதுதான். மின்சாரம் ஓட ஓட, வெள்ளி கண்ணுக்குத் தெரியாமல் நீரில் இறங்கும். மூட்டு வலிக்குத் தினம் ஒரு கரண்டி. பேரனுக்கும் சளிக்குக் கொடுக்கப் போகிறாராம்.

பேரன் என்றதும் எனக்குத் தூக்கம் போயிற்று.

வெள்ளி கிருமியைக் கொல்லும், பொய்யில்லை. தீக்காயத்துக்கு வெள்ளி கலந்த களிம்பை டாக்டர்களே தடவுகிறார்கள். பூசுவது வேறு, குடிப்பது வேறு அல்லவா? மொன்டானாவில் ஸ்டான் ஜோன்ஸ் என்ற அரசியல்வாதி, 2000 பிறந்ததும் கம்ப்யூட்டர்கள் முடங்கி மருந்து கிடைக்காமல் போகுமென்று பயந்து, இப்படித்தான் தயாரித்துக் குடித்தார். மருந்துக்குப் பஞ்சம் வரவில்லை. அவர் முகம்தான் நீலம் பாய்ந்துவிட்டது. 2002-இல் அந்த முகத்தோடுதான் செனட் தேர்தலில் நின்றார்! தோலில் படிந்த வெள்ளி வெளிச்சம் பட்டுக் கறுக்கிறது. பழைய போட்டோத் தாளின் கதைதான். குடிப்பதை நிறுத்தினாலும் போகாது. இதைப் பத்திரமானது, பயனுள்ளது என்று ஏற்க முடியாதென அமெரிக்க அரசின் மருந்துத் துறை 1999-லேயே சொல்லிவிட்டது.

பெரியவருக்கு எழுபது வயது. அவர் நிறம் அவர் இஷ்டம். பேரனுக்கு நாலு வயது. ஜோன்ஸின் படத்தை உறையில் வைத்து அனுப்பியிருக்கிறேன், மருமகள் பெயருக்கு.