களைத்த மண்ணும் காலியான மண்ணும்

மூணாம் வருஷ செமஸ்டர் லீவுல வேளாண் பொறியியல் துறை சார் ஒருத்தர் கூப்பிட்டார். "நீதானே ரஷ்யன் கிளாஸ் போற பையன்? இந்தக் கட்டுரையை இங்கிலீஷ்ல மாத்திக் குடுப்பா." பன்னிரண்டு பக்கம். ஒரே நிலத்தில் வருஷா வருஷம் சர்க்கரை பீட்ரூட் போட்டால் மண் என்ன ஆகும் என்பதுதான் விஷயம். நான் படிப்பது இசிஇ. மண்ணைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் செருப்பில் ஒட்டும் என்பது மட்டும்தான். ஆனாலும் தலையாட்டிவிட்டேன்.

ஒரு வாரத்தில் முடித்தேன். கட்டுரை முழுக்க இரண்டு சொற்கள் திரும்பத் திரும்ப வந்தன. ஒன்று இஸ்தஷேனியே. இன்னொன்று உதம்லேனியே, முன்னால் மண்ணைக் குறிக்கும் 'போச்வா' ஒட்டிக்கொண்டு வரும். அகராதியில் இரண்டுக்கும் நேரே 'எக்சாஸ்ஷன்' என்று போட்டிருந்தது. சரி, ஒரே பொருள்தான் போல என்று விட்டுவிட்டேன். கடைசியில் 'டிப்ளீஷன்' என்றால் இன்னும் கொஞ்சம் டெக்னிக்கலாக இருக்குமே என்று ஃபைண்ட் அண்ட் ரீப்ளேஸ் போட்டேன். முப்பத்தி நாலு இடம். ஒரு கிளிக்.

இரண்டு நாள் கழித்து சார் கூப்பிட்டு ஒரு பக்கத்தைக் காட்டினார். சிவப்பு மையில் வட்டம். "இங்க பாரு, நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாஷ் எல்லாம் போதுமான அளவு இருக்குங்கிற. அடுத்த வரியில சாயில் டிப்ளீஷன் கடுமையா இருக்குங்கிற. மண்ணுல எல்லாம் இருக்குன்னா அப்புறம் என்னடா காலியாச்சு?"

பதில் சொல்லத் தெரியாமல் நின்றேன். ரூமுக்கு வந்து மறுபடி மூலத்தைத் திறந்தேன்.

இஸ்தஷேனியேவுக்குள் இருக்கும் வேர்ச்சொல் 'தோஷி'. மெலிந்து எலும்பும் தோலுமாக இருப்பவரைச் சொல்வது. அதாவது மண்ணுக்குச் சாப்பாடு இல்லை. எடுத்தது அதிகம், திருப்பிக் கொடுத்தது குறைவு. ஓசோன் படலம் மெலிவதற்கும் ரஷ்யனில் இதே சொல்தான். உதம்லேனியே வேறு. அது களைப்பு. சத்தெல்லாம் இருக்கும், ஆனால் அந்தக் குறிப்பிட்ட பயிரை மட்டும் மண் வளர்க்காது. கோதுமை போட்டால் ஜம்மென்று வரும், பீட்ரூட் போட்டால் சுருண்டு விடும். காரணம், வேரைத் தாக்கும் நூற்புழு. 1859-ல் ஹெர்மன் ஷாக்ட் ஜெர்மனியில் பீட்ரூட் வேர்களில் இதைப் பார்த்தார். புழுவுக்கு அவர் பெயரையே வைத்துவிட்டார்கள். அதன் முட்டைகள் கூட்டுக்குள் பத்திரமாகப் பல வருஷம் மண்ணிலேயே கிடக்கும். உரம் கொட்டினால் ஒன்றும் ஆகாது. சில வருஷம் பயிரை மாற்றிப் போட வேண்டும்.

இப்போதுதான் பயம் வந்தது. என் மொழிபெயர்ப்பை நம்பி ஒருவர் தீர்வு எழுதினால் "உரம் போடு" என்றுதான் எழுதுவார். காசும் போகும், புழுவும் இருக்கும்.

ஆங்கிலத்தில் இதற்குச் சரியான சொல் இருக்கிறது: சாயில் சிக்னெஸ். ஜெர்மன்காரருக்கும் ரஷ்யருக்கும் மண் களைத்துப் போகிறது, ஆங்கிலேயருக்கு அதே மண்ணுக்கு நோய் வருகிறது! இந்த ஒரு விஷயத்தில் ஆங்கிலம்தான் நிஜத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

இன்னொரு கூத்து, நம்ம இசிஇ மக்களுக்கு. பிஎன் ஜங்ஷனில் வரும் டிப்ளீஷன் ரீஜனுக்கு ரஷ்யனில் இந்த இரண்டுமே கிடையாது. அது 'பேத்னி', அதாவது ஏழை என்ற சொல்லிலிருந்து வருகிறது: ஏழையாக்கப்பட்ட பகுதி. டிப்ளீட்டட் யுரேனியமும் அங்கே ஏழை யுரேனியம்தான். டிப்ளீஷன் என்ற ஒரே டப்பாவுக்குள் மெலிந்தவனையும் ஏழையையும் ஆங்கிலம் அடைத்து வைத்திருக்கிறது. களைத்தவனையும் அதற்குள் தள்ளியது நான்.

செர்னோசெம், பொட்சோல் மாதிரி மண் வகைகளின் பெயர்கள் ரஷ்யனிலிருந்து அப்படியே உலகம் பூரா போயிருக்கின்றன. தக்கூச்சயேவ் 1883-ல் ரஷ்யக் கரிசலைப் பற்றிப் புத்தகம் எழுதினார். அவர் வழியில் வந்த கிளிங்காவின் நூலை அமெரிக்காவின் மார்பட் 1927-ல் ஆங்கிலத்தில் கொண்டுவந்தார், அதுவும் ஜெர்மன் பதிப்பிலிருந்து. மண்ணின் பெயருக்கு பாஸ்போர்ட் கிடைத்தது, மண்ணுக்கு வரும் கேடுகளின் பெயருக்குக் கிடைக்கவில்லை.

அதில் என்னை ரொம்பப் படுத்தியது 'வீபஹன்னஸ்த்'. 'பஹாத்' என்றால் உழுவது. முன்னால் வரும் 'வீ' வெளியே எடுத்துவிடுவதைக் காட்டும். விடாமல் உழுது உழுது மக்கும் போய், மண்ணின் குருணைக் கட்டும் உடைந்து, மழை பெய்தால் மேலே பொருக்குத் தட்டும் நிலை. தமிழில் 'உழுது தீர்த்த நிலம்' என்று சொன்னால் பாதி வந்துவிடுகிறது. நம்ம 'தீர்' அந்த 'வீ' செய்கிற வேலையைச் செய்யும். ஆங்கிலத்தில் மூன்று நாள் தேடி 'பிளவ்டு அவுட்' என்று எழுதி, கீழே நாலு வரி அடிக்குறிப்பு போட்டேன்.

முப்பத்தி நாலு இடத்தையும் ஒவ்வொன்றாக மூலத்தோடு வைத்துப் பார்த்தேன். பத்தொன்பது களைப்பு, பதினைந்து மெலிவு. திருத்தியதை எடுத்துக்கொண்டு போனபோது சார் அந்தப் பழைய பக்கத்தைத்தான் முதலில் புரட்டினார். படித்துவிட்டு, "சரி, இப்ப புரியுது. அந்த அடிக்குறிப்பு மட்டும் ரெண்டு வரியா குறை" என்றார். இன்னும் மூன்று வரிக்குக் கீழே இறங்க மாட்டேன் என்கிறது.