கால் சுற்றுத் திருகாணி

ஆணிக்குத் தமிழில் பெயர்கள் பல. அச்சாணி, கடையாணி, சுள்ளாணி, மரையாணி, திருகாணி என்று அகராதி அடுக்கிக்கொண்டே போகும். வினைத்திட்பத்தைப் பேசுமிடத்தில் வள்ளுவர் அச்சாணியை உவமையாக்கி அதற்குப் பெருமை சேர்த்துவிட்டார். ஆனால் அச்சாணியும் தேயும். தேய்ந்ததை எதைக் கொண்டு மாற்றுவது என்னும் கேள்வி பட்டறையில் எழுவது. நாம் அறிந்த குடும்பம் ஒன்றில் அக்கேள்வி தந்தையையும் மகனையும் சில வாரங்கள் பேசாதிருக்கச் செய்தது.

சென்னை - கொல்கத்தா நெடுஞ்சாலையிலிருந்து பெரியபாளையத்துக்குச் சாலை பிரியும் ஊர் புதுவாயல். அங்கே முப்பது ஆண்டுகளாக லேத் பட்டறை நடத்துபவர் தந்தை. கும்மிடிப்பூண்டிப் பக்கத்து ஆலைகளில் எந்த இயந்திரம் நின்றாலும், உடைந்த பாகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு அவரிடம் ஓடி வருவார்கள். மறுநாள் காலைக்குள் அதேபோல் ஒன்று தயாராகிவிடும். மகன் கல்லூரியில் இயற்பியல் பயின்றவர். பகுதி ஒன்று தமிழுக்கு நம் வகுப்பில் அமர்ந்தவர். பின்னர் விமானப் பராமரிப்புப் பொறியியல் பயின்று உரிமம் பெற்றார்.

தனியார் ஒருவருக்குச் சொந்தமான செஸ்னா 172 விமானம் அவர் பொறுப்பில் இருந்தது. நான்கு பேர் அமரும் சிறு விமானம். அதன் எஞ்சினை மூடியிருக்கும் தகட்டு உறையைக் 'கௌலிங்' என்பார்கள். எஞ்சினைப் பார்க்க வேண்டிய போதெல்லாம் அதைக் கழற்ற வேண்டும் என்பதால், நீண்ட மரையுள்ள போல்ட்டுகளுக்குப் பதிலாகக் கால் சுற்றுத் திருகாணிகளால் பூட்டியிருப்பார்கள். ஆணித் தண்டின் அடியில் குறுக்காக ஒரு சிறு முளை இருக்கும். உள்ளே இருக்கும் ஏற்பியின் சரிவான தடத்தில் அம்முளை ஏறி, ஸ்பிரிங்கின் இழுவிசையால் 'டக்' என்று அமரும். திருப்புளியைக் கால் வட்டம் திருப்பினால் போதும்.

எளிய ஏற்பாடுதான், ஆனால் அதன் வாழ்க்கை எளியதன்று. நிமிடத்துக்கு 2,400 சுற்று ஓடும் நான்கு சிலிண்டர் எஞ்சினில் நொடிக்கு 80 வெடிப்புகள் நிகழ்கின்றன. அந்த அதிர்வில் முளை தேய்கிறது, தடம் தேய்கிறது, தகட்டின் துளை வட்டம் குலைந்து நீள்கிறது. ஆணியைச் சுற்றிக் கருஞ்சாம்பல் நிறப் பொடி படிவதே முதல் அடையாளம். தளர்ந்த ஆணி தன் சுமையை அடுத்த ஆணியிடம் தள்ளிவிடுவதால், நெடுநாள் ஒன்றும் நடக்காது. நடந்தால் உறையின் விளிம்பு காற்றில் தூக்கிக்கொள்ளும். பெரிய விமானங்களும் இதற்கு விலக்கல்ல. 2022 பிப்ரவரி 9 அன்று மும்பையிலிருந்து பூஜ் நகருக்குப் புறப்பட்ட அலையன்ஸ் ஏர் நிறுவனத்தின் ஏடிஆர் விமானத்திலிருந்து எஞ்சின் உறை ஓடுபாதையிலேயே கழன்று விழுந்தது. நல்லூழாக விமானம் பத்திரமாகத் தரையிறங்கியது.

நம் மாணவர் பரிசோதித்தபோது நான்கு திருகாணிகள் தேய்ந்திருந்தன. உரிய சான்றிதழுடன் புதியவை வெளிநாட்டிலிருந்து வர மூன்று வாரம் ஆகும். உரிமையாளரோ பொறுமையிழந்தார். செய்தி கேட்ட தந்தை, ஊருக்கு வந்த மகனின் பையிலிருந்து பழைய ஆணியை எடுத்து, இரவெல்லாம் விழித்து அதேபோல் நான்கு கடைந்து, விடியற்காலையில் மேசைமேல் வைத்தார். மகன் அவற்றைப் பொருத்த மறுத்துவிட்டார்.

"நீங்களே கேளுங்க ஐயா. அவன் படிச்ச படிப்பு எங்கையச் சந்தேகப்படச் சொல்லுதா?" என்று தந்தை நம்மிடம் கேட்டபோது, நம்மிடம் விடை இல்லை. அந்த நான்கு ஆணிகளையும் நாம் பார்த்தோம். பழுது சொல்ல முடியாத வேலை.

மகனிடம் பேசினோம். "அப்பா கைமேல் எனக்குச் சந்தேகமே இல்லை ஐயா. ஆனால் இது என்ன எஃகு, எப்படிப் பதம் ஏற்றியது என்று கேட்டால் காட்ட என்னிடம் தாள் இல்லை. விமானத்தைப் பறக்க விடலாம் என்று கையெழுத்திடுபவன் நான்" என்றார். பிறகு தம் வகுப்பில் படித்த ஒரு விபத்தைச் சொன்னார்.

1990 ஜூன் 10. பர்மிங்காமிலிருந்து ஸ்பெயினின் மலாகாவுக்குப் பறந்த பிரிட்டிஷ் ஏர்வேஸ் 5390 விமானம் 17,300 அடி உயரத்தில் இருந்தபோது விமானி அறையின் முன்கண்ணாடி பிய்த்துக்கொண்டு போயிற்று. தலைமை விமானி டிம் லங்காஸ்டர் இடுப்புவரை வெளியே இழுக்கப்பட்டார். பணியாளர்கள் அவர் கால்களைப் பற்றிக்கொண்டிருக்க, துணை விமானி சவுதாம்ப்டனில் தரையிறக்கினார். லங்காஸ்டர் உயிர் பிழைத்தார். அந்தக் கண்ணாடி அண்மையில்தான் மாற்றப்பட்டிருந்தது. அதைப் பிடித்திருந்த 90 போல்ட்டுகளில் 84, உரிய விட்டத்தைவிட 0.66 மில்லிமீட்டர் மெலிந்தவை. மற்ற ஆறும் நீளம் குறைந்தவை. மாற்றியவர் சோம்பேறி அல்லர். கழற்றிய போல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு, அதேபோல் இருப்பதைக் கண்ணால் ஒப்பிட்டுத் தேடி எடுத்திருக்கிறார். கழற்றியவற்றிலேயே பெரும்பாலானவை உரிய நீளம் இல்லாதவை என்பது பின்னரே தெரிந்தது.

இதைத் தந்தையிடம் நாம் சொன்னோம். நெடுநேரம் பேசாமலிருந்தார். பின், "நானும் தேஞ்ச ஆணிய வெச்சுத்தானே ஐயா அளவெடுத்தேன்" என்றார்.

நாம் சொல்ல எண்ணியிருந்த எதையும்விட அது கூர்மையானது. தேய்ந்த பொருள் தனக்கு மாற்றாக வருவதற்கு அளவாக இருக்க முடியாது. நம் துறையிலும் இதே நெறிதான். செல்லரித்த ஓர் ஏட்டை மட்டும் பார்த்துப் படியெடுத்தால் அதன் பிழையும் சேர்ந்தே படியாகும்; உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்கும் முன் பல ஏடுகளைத் தேடி ஒப்பிட்டது அதனால்தான். ஏட்டுக்கு மற்றோர் ஏடு சாட்சி. ஆணிக்கு வரைபடமும் எண்ணும் சான்றிதழும் சாட்சி. கைத்திறனை அவமதிப்பதற்காக ஏற்பட்டவையல்ல அவை. கைத்திறனால் அறிய முடியாததைச் சொல்வதற்காக ஏற்பட்டவை.

மூன்று வாரம் கழித்து நான்கு திருகாணிகளும் வந்தன, அரை நாளில் மாற்றப்பட்டன, விமானம் பறந்தது. காத்திருந்த நாட்களுக்காக உரிமையாளர் மனவருத்தம் கொண்டு, அடுத்த பராமரிப்பை வேறிடத்தில் ஒப்படைத்துவிட்டார். மகன் அதைப் பற்றிக் குறைப்பட்டுக்கொள்ளவில்லை.

புதுவாயல் பட்டறைக்கு இன்றும் உடைந்த பாகங்களோடு ஆட்கள் ஓடி வருகிறார்கள். தந்தை முதலில் கேட்பது, "டிராயிங் இருக்கா?" என்பதே. இல்லையென்றால், தேயாத புதிய பாகம் ஒன்றைத் தேடிக் கொண்டுவரச் சொல்கிறார். சிலர் முணுமுணுத்துக்கொண்டு அடுத்த பட்டறைக்குப் போய்விடுகிறார்கள்.