இரட்டைக்கிளவியும் ஒற்றை ஓசையும்

ஓசையைச் சொல்லத் தமிழில் சொற்களுக்குப் பஞ்சமில்லை. சலசல, களகள, தடதட, மடமட என்று நீளும் அந்தப் பட்டியலை வகுப்பில் எழுதிப் போடும்போது மாணவர்கள் சிரிப்பதுண்டு. இரட்டைக்கிளவி இரட்டையாகவே நின்று பொருள் தரும், பிரித்தால் நில்லாது என்ற தொல்காப்பிய விதியைச் சொல்லி, அது இசை, குறிப்பு, பண்பு பற்றி வரும் என்ற உரையாசிரியர் கூற்றையும் சேர்த்துவிட்டு அடுத்த நூற்பாவுக்கு நகர்வது வழக்கம். தேர்வுக்கு அவ்வளவு போதும். ஆனால் இச்சொற்களைச் சரியாகக் கையாளும் ஒருவரால் ஒரு வீட்டின் பழுதையே கண்டறிய முடியும் என்பதைச் சென்ற கோடையில் பார்த்தேன். அந்த ஒருவர் என் மாமியார்; எட்டாம் வகுப்பு வரை படித்தவர்.

தாம்பரம் சானடோரியம் ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தொலைவில், மாமனார் 1992இல் கட்டிய வீடு எங்களுடையது. கீழே அத்தை, மேலே நாங்கள். கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை 1931 முதல் மின்ரயில் ஓடும் தடம் அது. கடைசி வண்டி போன பிறகும் தென்மாவட்ட விரைவு வண்டிகளும் சரக்கு வண்டிகளும் இரவெல்லாம் போய்க்கொண்டிருக்கும். அந்த இரைச்சலில் முப்பது ஆண்டுகள் தூங்கிப் பழகியவர் அத்தை. மாமனார் மறைந்த சில மாதங்களில், நள்ளிரவுக்குப் பின் ஏதோ சத்தம் எழுப்பிவிடுகிறது, அப்புறம் தூக்கம் வருவதில்லை என்று சொல்லத் தொடங்கினார்.

கணவரை இழந்த எழுபத்து நான்கு வயதுப் பெண் இரவில் சத்தம் கேட்கிறது என்றால் உலகம் என்ன முடிவுக்கு வரும் என்பது தெரிந்ததே. பெங்களூரிலிருந்து வந்த நாத்தனார் இரண்டு இரவுகள் பக்கத்தில் படுத்துப் பார்த்தார். எதுவும் கேட்கவில்லை. "அம்மாவுக்கு அப்பா ஞாபகம்" என்றார். மருத்துவர் தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார். அதைப் போட்டுக்கொண்ட அத்தை, ஒரு விடியற்காலையில் குளியலறைக்குப் போகும் வழியில் தடுமாறி விழுந்தார். எலும்பு முறியவில்லை என்பது நல்வினை. வயதானவர்களுக்கு இவ்வகை மாத்திரைகளால் வரும் பெரிய ஆபத்தே இத்தகைய வீழ்ச்சிதான். அன்று அத்தை சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "சத்தம் போடறது செவுரு. மாத்திரை மட்டும் எனக்காம்மா?"

நான் கேட்டேன்: "அத்தை, அது எப்படிப்பட்ட சத்தம்?" யாரும் கேட்டிராத கேள்வி போலிருக்கிறது. நிதானமாகச் சொன்னார்: "மொதல்ல களகளன்னு ஓடும். அப்புறம் ரொம்ப நேரம் ஒண்ணும் இருக்காது. கடைசியா ஒரே ஒரு தடவ, டம். அது முடிஞ்சதும் சன்னமா தடதடன்னு செவுத்துல ஒரு நடுக்கம். ரயிலுன்னா வரும், போயிடும்மா. இது வந்து நிக்குது."

மூன்று ஓசைகள், ஒரு வரிசை, நடுவே ஓர் இடைவெளி. இதைவிடச் செறிவான வருணனையை எந்த மாணவரும் எனக்கு எழுதித் தந்ததில்லை. மனப்பிரமை இவ்வளவு ஒழுங்காக இருக்காது. அத்தையிடம் ஒரு பேனாவைக் கொடுத்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் நேரத்தைத் தினசரி காலண்டர் தாளின் பின்புறம் குறித்துவைக்கச் சொன்னேன். மூன்று வாரத்தில் பதினேழு தாள்கள் சேர்ந்தன. பெரும்பாலும் ஒன்றரைக்கும் மூன்றுக்கும் இடைப்பட்ட நேரம். நடுவில் நாங்கள் நான்கு நாள் மதுரைக்குப் போயிருந்தோம். மாடி பூட்டிக் கிடந்த அந்த நாட்களிலும் குறிப்பு இருந்தது. அதுவும் பட்டப்பகலில் ஒரு முறை சேர்த்து.

சிட்லபாக்கத்திலிருந்து வந்த வயதான பிளம்பர் அத்தாள்களை வாங்கி ஒவ்வொன்றாகப் படித்தார். அதற்கு முன் வந்த ஒருவர், பார்க்காமலேயே மோட்டாரை மாற்றச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். இவர் ஒன்றுதான் கேட்டார்: "டம்முன்றது மோட்டார் ஓடும்போதா, நிக்கும்போதாம்மா?" அத்தை தயங்கவேயில்லை: "நிக்கும்போது." பாதி வேலை அங்கேயே முடிந்துவிட்டது.

போர்வெல்லிலிருந்து மொட்டைமாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏறும் குழாயில் நான்-ரிட்டர்ன் வால்வு என்று ஒன்று உண்டு. ஏறிய தண்ணீரைத் திரும்ப விடாத ஒருவழிக் கதவு அது. எங்கள் வீட்டில் அதன் தகடு தேய்ந்து இறுகிப்போயிருந்தது. மோட்டார் நின்றதும் உடனே மூடவேண்டிய கதவு தாமதித்தது. அதற்குள் குழாயிலிருந்த நீர் கீழ்நோக்கி வேகம் பிடித்தது. பிறகு கதவு அறைந்து மூடியது. அதுதான் டம். மூடியும் சரியாகப் பொருந்தாததால் மிச்சத் தண்ணீர் மெல்லக் கசிந்து இறங்கி, குழாயில் காற்று நிறைந்தது. அடுத்த முறை மோட்டார் ஓடும்போது அந்தக் காற்று வெளியேறும் ஓசைதான் களகள. சுவரோடு குழாயைப் பிடித்திருந்த கிளாம்புகள் துருப்பிடித்துக் கழன்றிருந்தன. அத்தையின் கட்டில் தலைமாட்டுச் சுவருக்கு வெளிப்புறம் குழாய் அடித்துக்கொண்டதுதான் தடதட.

மோட்டாரோடு கிணற்றுக்குள்ளேயே இருக்கும் இன்னொரு வால்வு என்னவாயிற்று என்று கேட்டேன். கல்துகள் ஏறி எப்போதோ செத்திருக்கும் என்றார். பல்லாவரம், தாம்பரம் பகுதியின் அடியில் கிடப்பது சார்னோக்கைட் என்னும் கடும்பாறை. கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் இவ்வகைப் பாறை என்பதால் தாமஸ் ஹாலண்ட் என்ற நிலவியலாளர் வைத்த பெயர் அது. இங்கே நீர் பாறைவெடிப்புகளில்தான் இருக்கிறது. வரும்போது துகளோடு வருகிறது.

ஓடும் நீரைச் சட்டென்று நிறுத்தினால் என்னவாகும் என்பதை மாஸ்கோ நகரக் குடிநீர்க் குழாய்களில் சோதித்து 1898இல் எழுதியவர் நிக்கலாய் ஜுக்கோவ்ஸ்கி. இரும்புக் குழாயில் வினாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் போகும் நீர் ஒரே கணத்தில் நின்றால், அழுத்தம் பத்து வளிமண்டலத்துக்கும் மேல் எகிறும். இதே அறையைப் பயன்படுத்தி, எந்த எஞ்சினும் இல்லாமல் நீரை மேட்டுக்கு ஏற்றும் கருவியை 1796இல் செய்தவர், வெப்பக் காற்றுப் பலூனைப் பறக்கவிட்ட சகோதரர்களுள் ஒருவரான ஜோசப் மோன்கோல்ஃபியே. ஒருவருக்குக் கருவியானது இன்னொருவரின் தூக்கத்தைக் கெடுத்திருக்கிறது.

லண்டனில் இருக்கும் கொழுந்தனாரிடம் இதைச் சொன்னபோது அவருக்கு வியப்பில்லை. "அண்ணி, இங்க குளிர்காலத்துல வீட்டைச் சூடாக்கற ரேடியேட்டர்ல காத்து சிக்கினா இதே களகளதான். சின்னச் சாவியால மேல் திருகைத் திறந்தா உஸ்ஸுன்னு போயிடும். பாய்லர்ல சுண்ணாம்பு படிஞ்சா கெட்டில் கொதிக்கற மாதிரி இரையும்" என்றார். அங்கும் ஓசையின் தன்மைதான் முதல் தடயம்.

இன்னும் ஒரு கேள்வி மிச்சமிருந்தது. மாமனார் இருந்தவரை காலை ஐந்து மணிக்கு அவரே ஸ்விட்சைப் போடுவார். அவருக்குப் பின், அத்தை படியேறித் தொட்டியைப் பார்க்க வேண்டாம் என்று தானியங்கிக் கருவி பொருத்தினோம். தொட்டியில் நீர் குறைந்தால் அதுவே மோட்டாரை ஓட்டும். அவர் மறைவை ஒட்டி இரவுச் சத்தம் தொடங்கியதன் காரணம் இதுவே. ஆனால் ஆளில்லாத மாடியில் நீர் எப்படிக் குறைந்தது? பிளம்பர் மாடிக் கழிப்பறை ஃப்ளஷ் தொட்டியில் சொட்டு நீலம் ஊற்றிவிட்டுக் காத்திருக்கச் சொன்னார். கால் மணி நேரத்தில், யாரும் தண்ணீர் விடாமலே, கீழே பீங்கானில் நீலக்கோடு இறங்கியிருந்தது. அடி ரப்பர் இற்றுப்போயிருந்தது. ஓசையே இல்லாத இந்தக் கசிவுதான் அத்தனை ஓசைக்கும் வேர். நாத்தனார் வந்திருந்தபோது வீடு நிறைய ஆட்கள். மாலையிலேயே தொட்டி காலியாகிப் பத்து மணிக்குள் மோட்டார் ஓடி முடிந்திருக்கும். அவர் காதில் விழ எதுவும் இருந்திருக்காது.

ரப்பர் மாற்றப்பட்டது. பழைய வால்வுக்குப் பதில், நீர் திரும்பத் தொடங்குமுன்பே மூடிவிடும் ஸ்பிரிங் வைத்த வால்வு. குழாய்க்கு ரப்பர் பட்டை வைத்த புதுக் கிளாம்புகள். எல்லாம் ஒரே பகல் வேலை. புது மோட்டாருக்குச் சொன்ன விலையில் பத்தில் ஒரு பங்கு கூட ஆகவில்லை.

மாத்திரையைச் சட்டென்று நிறுத்தவில்லை. அதையும் திடீரென நிறுத்தக்கூடாது என்றார் மருத்துவர். இரண்டு மாதத்தில் படிப்படியாகக் குறைத்தார். அந்தக் காலண்டர் தாள்களை அவரிடமும் காட்டினேன். ஒன்றும் சொல்லாமல் புரட்டினார். பிறகு என் பக்கம் திரும்பாமல், அத்தையைப் பார்த்து, "முழங்கால் வலின்னு போன தடவ சொன்னீங்களே, அது எப்படிப்பட்ட வலி?" என்று கேட்டார். அத்தை நாற்காலியில் சற்று நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு, விவரமாகச் சொல்லத் தொடங்கினார்.