வலி சொல்லாத இதயம்

மோகனூர் கூட்டுறவுச் சர்க்கரை ஆலையை அண்டி வாழும் குடும்பங்களுள் எங்களுடையதும் ஒன்று. என் உறவினர் ஒருவரின் மகன் பிறந்தபோதே கைகால்களில் தசை திரண்டு, இரத்தக் குழாய்கள் புடைத்துத் தெரிந்தன. "பயில்வான் பிள்ளை" என்று ஊரார் வியந்தனர். எவ்வளவு உண்டும் அவன் பசி அடங்கவில்லை. பதினான்காம் வயதில் நீரிழிவு கண்டது. அப்போதுதான் மருத்துவர் விளக்கினார்: அது வலிமையன்று, தோலின் கீழ் இருக்க வேண்டிய கொழுப்பு இல்லாமையால் வெளித்தெரிந்த தசை.

1954இல் பிரேசில் நாட்டு பெரார்டினெல்லியும், 1959இல் நார்வே நாட்டு சைப்பும் விவரித்த பிறவிக் கோளாறு இது. கோடிக்கு ஒருவருக்கே வரும் என்பர். களஞ்சியம் இல்லாத வீட்டில் நெல் கண்ட இடமெல்லாம் கொட்டிக் கிடப்பதுபோல், கொழுப்பு ஈரலிலும் தசையிலும் தேங்குகிறது. இன்சுலின் பயன்படாது போகிறது. வயிறு நிறைந்ததென மூளைக்கு அறிவிக்கும் லெப்டின் கொழுப்பிலேயே சுரப்பது. அது குறைவதால் பசியும் தணிவதில்லை. 1994இல் லெப்டின் கண்டறியப்பட்டது. அதையொத்த மருந்தை 2014இல் அமெரிக்கா அனுமதித்தது.

ஆயினும் நான் அஞ்சுவது இதயத்தை ஆளும் நரம்புகளுக்காக. மூச்சை இழுக்கையில் நாடி விரைவதும், விடுகையில் தணிவதும் அவற்றின் வேலை. நீரிழிவு அவற்றை நலிவிக்கிறது. இக்கோளாறுடையோரிடம் அந்நலிவு இளமையிலேயே தென்படுவதைப் பிரேசில் மருத்துவர்கள் கண்டனர். ஓய்விலும் நாடி விரைந்தோடும். எழுந்தால் தலை சுற்றும். மாரடைப்பு வந்தாலும் வலி தோன்றாதிருக்கலாம். இதனை அறிய எடின்பரோவின் டேவிட் யூயிங் வகுத்த சோதனைகள் எளியவை: ஆழ்ந்து மூச்சு விடச் செய்து இதயத் துடிப்பைப் பதிவு செய்தல், எழுந்து நின்றதும் இரத்த அழுத்தம் பார்த்தல். எங்கள் பிள்ளைக்கு நின்றவுடன் அழுத்தம் முப்பது அளவு இறங்கியது. அவனோ, "எனக்கொன்றுமில்லை" என்றான்.

தாயின் பத்தியக் குறையே காரணம் என்று பெண்கள் பேசினர். அது பழி. அத்தை மகனும் மாமன் மகளுமாகிய பெற்றோர் இருவரும், தமக்கு நோயின்றியே அக்குறையைச் சுமந்தவர்கள். அத்தகையோரின் ஒவ்வொரு குழந்தைக்கும் நான்கில் ஒரு பங்கு ஆபத்து உண்டு.

இப்போது அவன் தங்கைக்கு மாமன் மகனைப் பேசுகின்றனர். நலமாயிருக்கும் அவளும் அக்குறையைச் சுமக்க மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு இருக்கிறது. உறவில் மணம் முடிப்பதை மார்க்கம் அனுமதித்தது, கட்டாயமாக்கவில்லை. சம்பந்தத்தை முறிக்கச் சொல்லவில்லை நான். முதலில் இருவருக்கும் மரபணுச் சோதனை நடக்கட்டும். பிறகு நாள் குறியுங்கள் என்கிறேன். அவள் அத்தா இன்னும் விடை தரவில்லை.